வேளாண் வேதியியல்ல இருந்து அரசியலுக்குப் போனவரோட பழைய பேப்பர்களை ஒழுங்கு பண்றது எப்படி? டெல்டா வீடுகளுக்கான முழு வழிகாட்டி

தாத்தாவோ பெரியப்பாவோ கோயமுத்தூர்ல அக்ரி படிச்சு, மண் பரிசோதனை, உரம், களர் நிலம்னு பல வருஷம் வேலை பாத்து, அப்புறம் கட்சி, எலெக்‌ஷன், சட்டசபைன்னு போயிருப்பாரு. அவர் போன பிறகு ரேழில ரெண்டு டிரங்கு பெட்டி, பரண்ல நாலு சாக்கு மூட்டை, பத்தாயத்துக்குள்ள கயிறு கட்டின கட்டுகள்னு பேப்பர் மிஞ்சி நிக்கும். வீட்டை இடிச்சுக் கட்டறப்பதான் "இதை என்ன பண்றது"ன்னு கேள்வி வருது. எப்படி பண்ணணும்னு வரிசையா எழுதறேன். வரிசை ரொம்ப முக்கியம், ஏன்னா இந்த வேலையில பின்னாடி பண்ண வேண்டியதை முன்னாடி பண்ணிட்டா திருப்ப முடியாது.

1. கை வைக்கறதுக்கு முன்னாடி: சம்மதம், மாசம், இடம்

முதல்ல குடும்பத்துல எல்லா வாரிசுகிட்டயும் பேசிடுங்க. பேப்பர் ஒரு வீட்டுல இருந்தாலும் உரிமை எல்லாருக்கும் உண்டு. பாதி வேலையில ஒரு அத்தை வந்து "அப்பா லெட்டரை யார் கேட்டு பிரிச்சே"ன்னு நின்னா அத்தோட வேலை போச்சு. ஒரு வெள்ளைத்தாள்ல யார் யாருக்கு சம்மதம்னு எழுதி கையெழுத்து வாங்கி வெச்சுக்கோங்க, கடைசில லைப்ரரிக்கோ ஆவணக்காப்பகத்துக்கோ குடுக்கறப்ப இதைத்தான் கேப்பாங்க.

மாசம் பாத்து ஆரம்பிங்க. ஐப்பசி, கார்த்திகையில வேண்டாம். வடகிழக்கு பருவமழைல டெல்டா காத்துல இருக்கற ஈரத்துக்கு கட்டைப் பிரிச்சு வெச்ச ராத்திரியே பூஞ்சை கிளம்பிடும். தை, மாசில சம்பா அறுவடை, வீட்டுல யாருக்கும் கை ஓயாது. மாசி பாதிக்கு மேல ஆரம்பிச்சு வைகாசிக்குள்ள முதல் சுத்து முடிக்கற மாதிரி பாருங்க.

இடம், வெயில் நேரா விழாத ஒரு ரூம். கதவு பூட்டணும், குழந்தைகளும் பூனையும் உள்ள வரக்கூடாது, பெரிய மேஜை வேணும். ஃபேன் இருக்கலாம், ஆனா வேலை பாக்கறப்ப நிறுத்தி வைங்க. ஒரே காத்துல கட்டு கலைஞ்சா அந்த வரிசை திரும்ப கிடைக்காது.

2. கையில இருக்க வேண்டிய சாமான்

2பி பென்சில், நல்ல ரப்பர், அகலமான மெத்து பிரஷ், பெயிண்ட் கடை பிரஷ்ஷே போதும், புதுசா இருக்கணும். நைட்ரைல் கையுறை, என்95 மாஸ்க். பூதக்கண்ணாடி. காடாத்துணி நாடா, ஒரு இஞ்ச் அகலம். வெள்ளைத்தாள், அட்டைப் பெட்டி. அமிலம் இல்லாத பெட்டியும் தாளும் கிடைச்சா நல்லது, கிடைக்கலன்னா புது வெள்ளைத்தாளை உள்பக்கம் விரிச்சு சாதாரண பெட்டிய பயன்படுத்தலாம், வேலையை அதுக்காக தள்ளிப் போட வேண்டாம்.

வாங்கவே கூடாதது: செல்லோ டேப், ஃபெவிகால், ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர், ஸ்டிக்கர் லேபிள். லேமினேஷன் மெஷினை மனசுல கூட நினைக்காதீங்க. சூடு பட்டு பிளாஸ்டிக் தாளோட ஒட்டிடும், அப்புறம் எந்த நிபுணராலயும் அதை பிரிக்க முடியாது.

3. முதல்ல போட்டோ, அப்புறம்தான் தூக்கறது

பெட்டியத் திறந்த உடனே எல்லாத்தையும் வெளில எடுத்து தரைல கொட்டறதுதான் புதுசா வர்றவங்க பண்ற முதல் தப்பு. ஆர்வம் புரியுது. ஆனா எந்தக் கட்டு எதுக்கு மேல இருந்துச்சு, எந்தக் கவர் எந்த நோட்டுக்குள்ள சொருகி இருந்துச்சுங்கறதெல்லாமே ஒரு தகவல். அந்த மனுஷன் எப்படி யோசிச்சாரு, எதோட எதை சேர்த்து வெச்சாருங்கறதுக்கு அதைத் தவிர நம்மகிட்ட சாட்சி கிடையாது.

அதனால மூடின பெட்டி ஒரு போட்டோ, திறந்த பெட்டி ஒரு போட்டோ, ஒவ்வொரு அடுக்கு எடுக்கறப்பவும் ஒண்ணு. பக்கத்துல ஒரு துண்டுச்சீட்டுல பெட்டி எண் எழுதி வெச்சு எடுங்க. பரண்ல எந்த மூலைல இருந்துச்சுன்னும் நோட்டுல எழுதுங்க. பெட்டிக்கு மேல சாக்பீஸ்ல, பெயிண்ட்ல ஏதாவது எழுதி இருந்தா அதையும் அப்படியே எழுதிக்கோங்க. பெட்டி துருப்பிடிச்சிருச்சுன்னு தூக்கிப் போடறவங்க அந்த எழுத்தையும் சேர்த்து போட்டுடறாங்க.

4. விஷம், பூச்சி, ஈரம்

இந்தப் படி சாதாரண அரசியல்வாதி வீட்டு பேப்பருக்கு இவ்வளவு தேவைப்படாது, வேதியியல்காரர் வீட்டுக்கு கண்டிப்பா தேவை. பெட்டிக்குள்ள சின்ன சின்ன பாட்டில், பொட்டலம், விதைநேர்த்தி மருந்து டப்பா இருக்கும். பழைய விதைநேர்த்தி பவுடர்கள்ல பாதரசம் உண்டு. எண்ட்ரின், பி.ஹெச்.சி. மாதிரி இன்னிக்கு தடையில இருக்கற மருந்தெல்லாம் அப்ப வீட்டுலயே வெச்சிருந்தாங்க. பேப்பர் மேல வெள்ளையாவோ சாம்பல் கலர்லயோ மாவு மாதிரி ஏதாவது இருந்தா அதை தூசின்னு நினைச்சு ஊதாதீங்க. கையுறை, மாஸ்க் போட்டு அந்தக் கட்டை மட்டும் ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு கட்டி தனியா வைங்க. பாட்டில் மூடிய திறக்காதீங்க, மோந்து பாக்காதீங்க, வாய்க்கால்ல ஊத்தாதீங்க. லேபிளை மட்டும் போட்டோ எடுத்துட்டு, பக்கத்துல இருக்கற காலேஜ் கெமிஸ்ட்ரி டிபார்ட்மெண்ட்ல காட்டி எப்படி அப்புறப்படுத்தறதுன்னு கேளுங்க. காஞ்ச மண்ணு இருக்கற பொட்டலம் வேற விஷயம். அது சோதனைக்கு எடுத்த மண் சாம்பிள், மேல சர்வே நம்பரும் ஆழமும் எழுதியிருக்கும், அது ஆவணம், பத்திரமா வைங்க.

ராமபாணப் பூச்சி, கரையான், கரப்பான் முட்டை கண்ணுல பட்டா அந்த மூட்டையை மத்ததோட சேர்க்காதீங்க. உயிரோட பூச்சி இருந்தா ஜிப் பையில காத்தை வெளியேத்தி மூடி, ஐஸ்கிரீம் கடையில இருக்கற மாதிரி டீப் ஃப்ரீசர்ல மைனஸ் 18 டிகிரியோ அதுக்குக் கீழயோ ரெண்டு வாரம் வெச்சு எடுக்கலாம். எடுத்த பிறகு பையைத் திறக்காம ஒரு நாள் முழுக்க விட்டு, அறை சூட்டுக்கு வந்ததும் திறங்க, இல்லன்னா வேர்த்து நனைஞ்சிடும். போட்டோவையும் நெகட்டிவையும் இப்படி ஃப்ரீசர்ல வைக்க வேண்டாம். வேப்பிலை, வசம்பு போடணும்னு பெரியவங்க சொன்னா துணில முடிஞ்சு பெட்டி மூலைல வைங்க, தாள் மேல படக்கூடாது, கறை விழும்.

1977 நாகப்பட்டினம் புயல், 2004 சுனாமி, 2018 கஜான்னு கடலோர ஊர்கள்ல தண்ணி பாத்த பேப்பர் நெறைய. நனைஞ்சு காஞ்சு பாளமா ஒட்டிக்கிட்டு இருக்கறதை நகத்தால நெம்பாதீங்க. அப்படியே எண் போட்டு தனியா வைங்க, அது பயிற்சி எடுத்தவங்க பண்ற வேலை. இப்ப ஈரமா இருக்கறதுன்னா நிழல்ல, ஃபேன் காத்துல, அடியில வெள்ளைத்தாள் மாத்தி மாத்தி காய வைங்க. வெயில்ல போட்டா தாள் நொறுங்கும், மசி வெளுக்கும்.

5. சுத்தம் பண்றதுக்கு முன்னாடி எண்

முதல்ல சுத்தம், அப்புறம் நம்பர்னு நிறைய பேர் போவாங்க. தலைகீழா பண்ணுங்க. சுத்தம் பண்றப்பதான் தாள்கள் இடம் மாறும், அதனால எண் முன்னாடியே இருக்கணும். பெட்டி எண், கட்டு எண், தாள் எண், இந்த மூணு போதும். தாளோட பின்பக்கம் கீழ் மூலைல பென்சில்ல லேசா எழுதுங்க. பேனா கூடாது, மை ஊறும், திருத்தவும் முடியாது. நொறுங்கற தாள்ல எதையும் எழுதாம ஒரு வெள்ளை மடிப்புக்குள்ள வெச்சு மடிப்பு மேல எழுதுங்க.

ஒண்ணோட ஒண்ணு குண்டூசி குத்தியிருந்தா அதுக்கு ஒரே எண் போட்டு அ, ஆ, இ-ன்னு பிரிங்க. குத்தி இருந்ததுங்கறதே ஒரு சேதிதான், அடுத்த படி முழுக்க அதைப் பத்திதான்.

6. வேதியியல் தனி, அரசியல் தனின்னு பிரிக்காதீங்க

இந்த வழிகாட்டில ஒண்ணே ஒண்ணை ஞாபகம் வெச்சுக்கணும்னா இதை வெச்சுக்கோங்க. புதுசா வர்றவங்க எல்லாருமே மேஜை மேல ரெண்டு குவியல் போடறாங்க, இந்தப் பக்கம் மண் பரிசோதனை, அந்தப் பக்கம் எம்.எல்.ஏ. வேலை. பாக்க சுத்தமா இருக்கும். ஆனா அந்த ரெண்டு வேலையும் ஒரே மனுஷனோட ஒரே மேஜைலதான் நடந்துச்சு, அவர் பிரிக்கலை, நாம ஏன் பிரிக்கணும்?

ஒரு கட்டை கிட்ட வெச்சு பாப்போம். மேல கோடு போட்ட அரைத்தாள்ல ஒரு மனு, கடைமடை விவசாயிங்க எழுதினது, நட்ட பயிரு மஞ்சளாகி நிக்குது, தண்ணியும் வரலைன்னு, கீழ கையெழுத்தும் கைநாட்டுமா பன்னெண்டு பேரு. பின்னாடி துருப்பிடிச்ச குண்டூசில குத்தின பழுப்புச் சீட்டு, அதுல அதே ஊர் பேரு, சர்வே நம்பர், பிஹெச் 8.9. சீட்டோட ஓரத்துல சிவப்பு பென்சில்ல ஏக்கருக்கு எவ்வளவு ஜிப்சம்னு ஒரு கணக்கு. அதுக்கும் பின்னாடி தேர்தல் நோட்டீஸ் ஒண்ணு, திருப்பிப் பாத்தா வெத்துப் பக்கத்துல சட்டசபைல கேக்கறதுக்கு கேள்வி வரைவு, ரெண்டு தடவை அடிச்சு திருத்தி. ரெண்டு குவியல்காரங்க என்ன பண்ணுவாங்க? மனுவை ஒரு பெட்டில போட்டு, சீட்டை இன்னொரு பெட்டில போட்டு, நோட்டீஸை பிரச்சார சாமான்னு மூணாவது பெட்டில போடுவாங்க. ஒரு வேதியியல்காரர் வயல்ல இருந்து வந்த அழுகையை லேப்ல சோதிச்சு சபைக்கு கொண்டு போன பாதை அந்த ஒரு குண்டூசிலதான் இருந்துச்சு, அது அன்னிக்கே அறுந்து போயிடும். அப்புறம் யார் எவ்வளவு ஆராய்ச்சி பண்ணாலும் ஒட்ட வைக்க முடியாது.

அதனால அவர் கட்டின கட்டை அப்படியே விடுங்க. தலைப்பு வாரியா தேடணும்னா அதுக்குத்தான் பட்டியல் இருக்கு, பட்டியல்ல ஒரே தாளுக்கு எத்தனை தலைப்பு வேணும்னாலும் போடலாம், தாளை நகர்த்த வேண்டியதில்லை. கட்டு ஏற்கனவே கலைஞ்சு மூட்டையா இருந்தா மட்டும் படிப்பு, பணி, கடிதம், தொகுதி மனு, சட்டசபை, நிலம், புகைப்படம்னு நீங்களா பிரிவு போடலாம். ஆனா "இந்த வரிசை நாங்க போட்டது"ன்னு பட்டியல் தலைப்புலயே எழுதிடுங்க, பின்னாடி வர்றவங்க அதை அவரோட வரிசைன்னு நம்பிடக்கூடாது.

7. இப்ப சுத்தம்

பிரஷ்ஷால நடுவுல இருந்து வெளிப்பக்கமா மெதுவா தள்ளுங்க. ஈரத்துணி கூடாது. ரப்பர் பேண்ட் உருகி ஒட்டியிருந்தா இழுக்காதீங்க, காஞ்சதை மட்டும் உதிர்த்து எடுங்க.

குண்டூசியும் ஸ்டேப்பிளும் துருப்பிடிச்சு தாளை தின்னும், எடுத்துத்தான் ஆகணும். எடுக்கறதுக்கு முன்னாடி முன்பக்கம், பின்பக்கம் போட்டோ எடுத்துட்டு, ஊசியை நேரா இழுக்காம தாளை ஊசில இருந்து நகர்த்துற மாதிரி எடுங்க. சேர்ந்திருந்த தாள்களை ஒரே வெள்ளை மடிப்புக்குள்ள வெச்சு மேல "குத்தியிருந்தவை"ன்னு எழுதுங்க.

லேப் நோட்டுல ஆசிட் பட்ட பக்கம் பழுப்பாகி ஓட்டை விழுந்து இருக்கும். அந்தப் பக்கத்துக்கு ரெண்டு பக்கமும் வெள்ளைத்தாள் வெச்சு மூடிடுங்க, வேற எதுவும் பண்ண வேண்டாம். ஃபேக்ஸ் தாள் இருந்தா அதை முதல்ல ஸ்கேன் பண்ணிடுங்க, அதோட எழுத்து தானாவே மறைஞ்சு போகும்.

8. தேதி இல்லாத தாளுக்கு தேதி

பாதி தாள்ல தேதி இருக்காது, இல்லன்னா தமிழ்த் தேதி இருக்கும். இங்க பொறுமையா இருந்தா நல்ல பலன் உண்டு.

தமிழ் வருஷப் பேருல ரொம்ப அதிகமா நடக்கற குழப்பம் பிலவ, பிலவங்க. பிலவ 1961–62, பிலவங்க 1967–68. 1967 எலெக்‌ஷனுக்கு முன்னாடியா பின்னாடியாங்கறது கடைசி ரெண்டு எழுத்துல மாறிடும். அதே மாதிரி சுபகிருது 1962–63, சோபகிருது 1963–64. குரோதி 1964–65, குரோதன 1985–86. இன்னொண்ணு, தமிழ் வருஷம் சித்திரைல பிறக்குது, அதனால பிலவ வருஷம் மாசின்னு இருந்தா அது 1962, 1961 இல்ல. மார்கழி பாதில இருந்து பங்குனி வரைக்கும் இப்படி ஒரு வருஷம் கூட்டிக்கணும்.

நிலம் சம்பந்தப்பட்ட பேப்பர்ல பசலி, அதாவது வருவாய்த்துறை வருஷக் கணக்கு இருக்கும். பசலியோட 590 கூட்டுங்க, அந்த வருஷம் ஜூலை 1-ல ஆரம்பிச்சு அடுத்த ஜூன் 30-ல முடியும். பசலி 1377-ன்னா 1967 ஜூலைல இருந்து 1968 ஜூன்.

வேற தடயமும் உண்டு. நயா பைசான்னு அச்சடிச்சிருந்தா 1957-ல இருந்து 1964-க்குள்ள. முகவரியில பின்கோடு இருந்தா 1972 ஆகஸ்டுக்கு அப்புறம். லெட்டர்ஹெட்ல சென்னை மாநிலம்னு இருந்தா 1969-க்கு முந்தி அச்சடிச்சது, ஆனா பழைய லெட்டர்ஹெட் தீர்ற வரைக்கும் பயன்படுத்துவாங்க, அதனால அதை மட்டும் நம்பாதீங்க. எம்.எல்.சி.ன்னு இருந்தா தமிழ்நாட்டு மேலவை 1986-ல கலைக்கப்பட்டதுங்கறதை வெச்சு பாருங்க. அச்சுல ணை, லை, னை, றா எல்லாம் பழைய கொம்பு, பழைய சுழி வடிவத்துல இருந்தா 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தினதா இருக்க வாய்ப்பு, கையெழுத்துக்கு இது செல்லாது, பெரியவங்க கடைசி வரைக்கும் பழைய எழுத்துலயே எழுதினாங்க. அக்ரி டிகிரி சான்றிதழ்ல சென்னைப் பல்கலைக்கழகம்னு இருக்கேன்னு குழம்பாதீங்க, கோயமுத்தூர்ல வேளாண் பல்கலைக்கழகம் வந்ததே 1971-ல.

நீங்க ஊகிச்ச தேதியை பட்டியல்ல சதுர அடைப்புக்குள்ள போட்டு, எதை வெச்சு ஊகிச்சீங்கன்னு பக்கத்துலயே ஒரு வரி எழுதுங்க. தாள் மேல எழுதக்கூடாது.

9. லேப் நோட்டை வெறும் கணக்குன்னு ஒதுக்காதீங்க

பேச்சு, கடிதம், போட்டோவுக்கு எல்லாரும் மதிப்பு குடுப்பாங்க. எண் மட்டும் இருக்கற நோட்டுதான் பழைய பேப்பர்காரர் தராசுக்கு முதல்ல போகும். எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம். எந்த ஊர், எந்த சர்வே நம்பர், எந்த வருஷம், மண்ணுல என்ன இருந்துச்சுங்கறதை இனிமே யாராலயும் போய் அளக்க முடியாது. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் உப்பு ஏறின கதையை இன்னிக்கு எழுதணும்னா அன்னிக்கு எடுத்த ரீடிங் வேணும்.

படிக்கறதுக்கு சில குறிப்பு. பிளாங்க், சாம்பிள்னு ரெண்டு பத்தி, ரெண்டுக்கும் வித்தியாசம் எடுத்து ஒரு பெருக்கல் இருந்தா அது பெரும்பாலும் கரிமச்சத்து டைட்ரேஷன். ஈ.சி. (உப்பு அளவைக் காட்டற மின்கடத்தும் திறன்) பக்கத்துல மில்லிமோன்னு இருந்தா பயப்படாதீங்க, இன்னிக்கு சொல்ற டெசிசீமனுக்கும் அதுக்கும் எண் ஒண்ணுதான். மணிச்சத்து, சாம்பல்சத்து தனிமமா குடுத்திருக்காங்களா ஆக்சைடா குடுத்திருக்காங்களான்னு பத்தித் தலைப்பை பாருங்க, பாஸ்பரஸை 2.29-ஆலயும் பொட்டாசியத்தை 1.2-ஆலயும் பெருக்கினாதான் ஆக்சைடு கணக்கு வரும். ஏக்கருக்கு பவுண்டுன்னு இருந்தா 1.12-ஆல பெருக்கினா ஹெக்டேருக்கு கிலோ. ஆனா பட்டியல்ல மூலத்துல இருக்கற எண்ணையும் அலகையும் அப்படியே எழுதுங்க, மாத்தினது வேணும்னா தனி பத்தில. மாத்தினதை மட்டும் எழுதி வெச்சா எங்க தப்பு நடந்துச்சுன்னு பின்னாடி பிடிக்கவே முடியாது.

களர், உவர் ரெண்டையும் "உப்பு நிலம்"னு ஒரே தலைப்புல அடைக்கறது அடிக்கடி நடக்குது. களர்ல பிஹெச் 8.5-க்கு மேல போகும், சோடியம் பிரச்சனை, ஜிப்சம் கேக்கும். உவர்ல ஈ.சி. 4-க்கு மேல, அதுக்கு நல்ல தண்ணி விட்டு வடிகால் வழியா உப்பை அலசி வெளியேத்தணும், ஜிப்சம் போட்டு பிரயோஜனம் இல்ல. அவர் ஒரு மனுவுக்கு ஏன் ஜிப்சம் கேட்டாரு, இன்னொரு மனுவுக்கு ஏன் வடிகால் தூர்வாரச் சொன்னாருங்கறது இந்த வித்தியாசம் தெரிஞ்சாதான் புரியும்.

நில அளவும் கவனம். 100 குழி ஒரு மா, கிட்டத்தட்ட 33 சென்ட், 20 மா ஒரு வேலி, சுமார் 6.6 ஏக்கர். விளைச்சல் கலக்கணக்குல இருந்தா 12 மரக்கால் ஒரு கலம். சர்வே நம்பரை பழசு எப்படி இருக்கோ அப்படியே எழுதுங்க, யூ.டி.ஆர்.னு சொல்ற நிலப் பதிவேடு புதுப்பிப்பு சமயத்துல உட்பிரிவு நிறைய மாறிடுச்சு. ரகப் பேரு ஏ.டி.டி. 27-ன்னு எண்ணோட இருந்தா ஆடுதுறை ரகம், 1960கள் நடுவுல வந்தது, அதுவே ஒரு தேதித் தடயமும் கூட.

10. பட்டியல்

எக்செல் போதும். எண், தேதி, யார் எழுதினது, யாருக்கு, ஊர், என்ன மாதிரி தாள், எத்தனை பக்கம், மொழி, நிலைமை, சுருக்கம், தலைப்புச் சொற்கள், திறந்ததா மூடினதா. சுருக்கம் ரெண்டு வரிக்கு மேல வேண்டாம். ஒவ்வொரு கடிதத்தையும் உக்காந்து முழுசா படிச்சு ரசிக்க ஆரம்பிச்சீங்கன்னா ஒரு பெட்டியும் முடியாது, அதை ரெண்டாவது சுத்துக்கு வெச்சுக்கோங்க.

ஊர் பேருக்கு ரெண்டு பத்தி போடுங்க, தாள்ல இருக்கறபடி ஒண்ணு, இன்னிக்கு இருக்கறபடி ஒண்ணு. அவர் காலத்துல எல்லாமே தஞ்சாவூர் ஜில்லா. நாகப்பட்டினம் 1991-லயும் திருவாரூர் 1997-லயும் மயிலாடுதுறை 2020-லயும் தனி மாவட்டமா ஆச்சு. மாயவரம்னு தேடறவங்களுக்கும் மயிலாடுதுறைன்னு தேடறவங்களுக்கும் ஒரே கடிதம் கிடைக்கணும்.

டைப் பண்றது யூனிகோடுல மட்டும். டி.டி.பி. கடைல குடுத்தா பாமினி, வானவில் மாதிரி யூனிகோடு இல்லாத எழுத்துருல அடிச்சுக் குடுப்பாங்க, வேற கம்ப்யூட்டர்ல திறந்தா புரியாத எழுத்தா வரும், தேடவும் முடியாது. குடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

11. ஸ்கேன்

சாதாரண தாளுக்கு 300 டிபிஐ, கார்பன் காப்பி, சைக்ளோஸ்டைல், பென்சில் குறிப்புக்கு 400. கலர்லயே எடுங்க, ஏன்னா சிவப்பு பென்சில் யாருது, நீல மை யாருதுன்னு கருப்பு வெள்ளைல தெரியாது. போன் ஆப்ல எடுக்கறவங்க தாளை வெள்ளையாக்கற ஃபில்டரை அணைச்சுடுங்க, அது முதல்ல அழிக்கறதே ஓரத்துல இருக்கற பென்சில் எழுத்தைத்தான்.

பின்பக்கம் காலியா இருந்தாலும் பாருங்க. இவங்க தலைமுறை தாளை வீணாக்க மாட்டாங்க, கவரைக் கிழிச்சு உள்பக்கத்துல கூட கணக்கு எழுதுவாங்க. கோப்புக்கு தாள் எண்ணையே பேரா வைங்க, "தாத்தா லெட்டர் புதுசு 2"-ன்னு வெச்சா ஒரு மாசத்துல உங்களுக்கே தெரியாது. மூணு பிரதி, அதுல ஒண்ணு வேற ஊர்ல இருக்கற சொந்தக்காரர் வீட்டுல. பென் டிரைவ் மட்டும் போதாது. ஸ்கேன் பண்ணியாச்சேன்னு மூலத்தை கடைக்குப் போட்டுடாதீங்க.

12. எதை மூடி வைக்கணும்

தொகுதி மனுக்கள்ல ஜனங்க தங்களோட கஷ்டத்தை எழுதியிருப்பாங்க. கடன், நோய், குடும்பத் தகராறு, சாதிப் பிரச்சனை, யார் நிலத்தை யார் பிடுங்கினாங்க. 1952 பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம், 1961-ல வந்த நில உச்சவரம்பு, 1970-ல அதை 15 ஸ்டாண்டர்டு ஏக்கரா குறைச்சதுன்னு ஒவ்வொண்ணுக்கும் மனு வந்திருக்கும், ரெண்டு பக்கத்து ஆளுங்ககிட்ட இருந்தும். அந்தக் குடும்பங்க இன்னிக்கும் அதே தெருவுல இருக்காங்க. அதனால ஃபேஸ்புக்ல, குடும்ப வாட்ஸப் குரூப்ல போடவே கூடாது. பட்டியல்ல பேருக்கு பதிலா "குத்தகை விவசாயி மனு"ன்னு எழுதி, மூடினதுன்னு குறிச்சு, எந்த வருஷம் வரைக்கும்னு போடுங்க. கிழிச்சுப் போடறது தீர்வு இல்ல, காலம் குறிச்சு மூடறதுதான் தீர்வு.

அரசாங்க கோப்பு எண்ணோட ஒரிஜினல் ஃபைல் ஏதாவது இருந்தா தனியா எடுத்து வெச்சு ஆலோசனை கேளுங்க, அது குடும்பச் சொத்து இல்ல. அப்புறம், மத்தவங்க அவருக்கு எழுதின கடிதத்தோட தாள்தான் உங்களுது, எழுத்தோட காப்புரிமை எழுதினவருக்கோ அவர் வாரிசுக்கோதான். அச்சுல போடணும்னா அவங்ககிட்ட கேக்கணும்.

13. குடுக்கறது

எல்லா இடமும் எல்லாத்தையும் வாங்காது. எழும்பூர்ல தமிழ்நாடு ஆவணக்காப்பகம், சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், தஞ்சாவூர்ல தமிழ்ப் பல்கலைக்கழகம், கோயமுத்தூர்ல வேளாண் பல்கலைக்கழகம், இவங்களுக்கு பட்டியலை முதல்ல அனுப்புங்க, பெட்டியை தூக்கிக்கிட்டு போகாதீங்க. பட்டியல் இருந்தா அவங்க முடிவு சொல்றது சுலபம்.

இங்கயும் ஆறாம் படி திரும்ப வரும். வேளாண் பக்கம் இருக்கறவங்க லேப் நோட்டு மட்டும் போதும்பாங்க, வரலாறு பக்கம் இருக்கறவங்க சட்டசபை பேப்பர் மட்டும் போதும்பாங்க. ஒத்துக்காதீங்க. மூலம் முழுசும் ஒரே இடத்துக்கு, மத்தவங்களுக்கு ஸ்கேன் பிரதின்னு சொல்லுங்க. அதுக்கு ஒத்து வர்ற இடம் கிடைக்கற வரைக்கும் வீட்டுலயே தரையில இருந்து ஒரு அடி உயர ஸ்டாண்டுல, வெளிச்சுவரை ஒட்டாம, சமையல்கட்டுக்கும் குளியலறைக்கும் தள்ளி வெச்சுக்கலாம், மழைக்காலத்துல வாரம் ஒரு தடவை திறந்து பாத்தா போதும்.

குடுக்கறப்ப எழுத்து மூலமா ஒப்பந்தம் வாங்குங்க. அன்பளிப்பா, பாதுகாப்புக்கு மட்டுமா, கட்டு வரிசையை மாத்த மாட்டாங்களா, மூடின தாள்களை குறிச்ச வருஷம் வரைக்கும் மூடியே வைப்பாங்களா, வேண்டாம்னு ஒதுக்கறதை தூக்கிப் போடாம குடும்பத்துக்கே திருப்பித் தருவாங்களா, குடும்பத்துக்கு ஸ்கேன் பிரதி ஒரு செட் உண்டா. இதெல்லாம் அதுல வரணும். பெட்டிகளை வண்டில ஏத்தறதுக்கு முன்னாடி ஒவ்வொரு பெட்டிக்கும் பட்டியலோட நகல் ஒண்ணு உள்ள வெச்சு, மேல பெட்டி எண்ணை ரெண்டு பக்கமும் எழுதி, வாங்கற ஆள்கிட்ட பெட்டி வாரியா கையெழுத்து வாங்கிக்கோங்க.